சதவீதம் சார்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்து "சதவீதம் சார் எங்கே?" என்று கேட்டால், காவலாளி யோசிக்காமல் மொட்டைமாடியைக் காட்டுவார். அந்த மனிதர் வீட்டில் இருக்கும் நேரத்தைவிட மொட்டைமாடியில் ஆறு டிஷ்களுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம். அவர் என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான். ஐந்தாம் மாடியில் அவர்கள், நான்காம் மாடியில் நான். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. என்னைவிட அவர்மேல் கோபப்பட்ட ஆளும் கிடையாது.

அத்தானுக்குத் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. வீடு வீடாகப் போய், மூடியைத் திறந்து, தூசியை ஊதி, எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு வருவார். அந்தத் தண்ணீர் தெளிவா, கலங்கலா, அதில் யார் குளித்தார்கள், யார் குடித்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத விஷயம். கூட வேலை செய்பவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தபடியே ஒரு தெருவை முடித்துவிடுவார்கள். இவர் பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை நடப்பார். எண் என்றால் கண்ணால் பார்த்த எண்ணாக இருக்க வேண்டும். தொலைக்காட்சியையும் மனிதர் இப்படித்தான் பார்த்தார் என்பதுதான் என் அக்காவுக்கு வாய்த்த வாழ்க்கை.

வானத்திலிருந்து இலவசமாக வருகிற சேனல்களைச் சந்தா கட்டாமல் டிஷ் வைத்துப் பிடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று நான் சொல்கிறேன். அவர் காதில் விழுந்தால் ஒரு வாரம் பேச மாட்டார். "மேல இருந்து கொட்டுது. பிடிக்கத் தெரியாதவன்தான் மாசாமாசம் காசு கட்டுவான்" என்பார். அவர் பிடித்து வைத்திருந்தது எழுநூற்று நாற்பத்து மூன்று சேனல்கள். ஒன்றில் ஆட்டு ஏலம். இன்னொன்றில் கம்பளம் விற்பார்கள். ஒன்றில் நாள் முழுக்க மீன்தொட்டி. ஒன்றில் வெறும் கடிகாரம், அதுவும் எந்த நாட்டு நேரமோ. எங்களுக்குத் தெரிந்த மொழியில் பேசும் சேனல்கள் ஒன்பது இருந்தன. அவற்றில் குவாலிட்டி எப்போதும் நன்றாக இருந்ததால் அத்தானுக்கு அவற்றின்மேல் அக்கறை இல்லை.

குவாலிட்டி என்றதும் அதை விளக்கிவிட வேண்டும். விளக்காமல் விட்டால் அத்தான் வந்து விளக்குவார். டிஷ்ஷுக்கும் டி.வி.க்கும் நடுவில் இருக்கும் பெட்டியின் ரிமோட்டில் ஒரு சிவப்புப் பட்டனை அழுத்தினால் திரையில் ஒரு சின்னக் கட்டம் வரும். அதற்குள் இரண்டு பட்டைகள், பக்கத்தில் சதவீதத்தில் இரண்டு எண்கள். யாராவது தெரியாத்தனமாக "எங்க வீட்டு டி.வி. சரியா வரலை சார்" என்று வாயைக் கொடுத்துவிட்டால், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"சிக்னல் எண்பது காட்டுதுன்னு சந்தோஷப்படாதீங்க. வயர் உயிரோட இருக்கு, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். நீங்க எதிர்வீட்டுச் சுவரைப் பாத்து டிஷ்ஷை வச்சாலும் எண்பது காட்டும். அதுக்குக் கீழ இருக்கு பாருங்க குவாலிட்டி, அதுதான் நாம பிடிச்சது சரியான ஆளைத்தானான்னு சொல்லும்."

இதைச் சாவு வீட்டில் சொல்லியிருக்கிறார். பத்திரப் பதிவு அலுவலக வரிசையில் சொல்லியிருக்கிறார். நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு ஒருமுறை பல் பிடுங்க வந்தவர், பாதி வாய் மரத்துப்போன நிலையில் எங்கள் டாக்டருக்கும் சொன்னார். டாக்டர் கவனம் சிதறி வேறு பல்லைப் பிடுங்காதது அவர் செய்த புண்ணியம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குவாலிட்டி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். அந்த அளவைத் தாண்டிவிட்டால் நாற்பது காட்டினாலும் எண்பது காட்டினாலும் படம் ஒன்றுதான். ஒரு முடி அளவுகூட வித்தியாசம் இருக்காது. இதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அத்தான்தான். ஊருக்கெல்லாம் சொல்வார். தன் வீட்டில் மட்டும் அறுபதை அறுபத்தொன்றாக்க ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெயிலில் காய்வார்.

திட்டுவதற்கு நடுவில் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலை தெரிந்தவர். முதல் மாடியில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் வீட்டில் மழை பெய்தால் மட்டும் படம் போய்விடும். மூன்று மெக்கானிக்குகள் வந்து, ஒருவன் பெட்டியை மாற்றச் சொன்னான், ஒருவன் டிஷ்ஷை மாற்றச் சொன்னான், ஒருவன் டி.வி.யையே மாற்றச் சொன்னான். அத்தான் மேலே போய் வயர் நுனியில் இருந்த திருகு மூடியைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். ஒரு ஸ்பூன் தண்ணீர் விழுந்தது. நுனியை நறுக்கி, புதிது போட்டு, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினார். தண்ணீர் வயரோடு வழிந்து மூடிக்குப் போகாமல் கீழே சொட்டும்படி வயரில் ஒரு தொங்கல் விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார். ஒரு டீக்கு மேல் எதுவும் வாங்கவில்லை. அன்றிலிருந்து மருந்துக்கடைக்காரர் அவருடைய பரம பக்தர்.

சரி, அக்காவுக்கு வருகிறேன். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. பேச்சு போகவில்லை. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். ஒரு கடைக்குத் திரைச்சீலைகளுக்கு ஓரம் அடித்துக் கொடுக்கும் வேலை. கூடத்திலேயே தையல் மிஷின். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் கூடத்து விளக்கை அணைத்துப் போட வேண்டும், நிமிர்ந்து பார்ப்பாள். அத்தான் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடம் மிஷின் பக்கம் திரும்பிவிடுவாள். இருபத்தெட்டு வருடம் அவர்கள் சண்டையில்லாமல் குடும்பம் நடத்திய ரகசியம் அதுதான்.

காது கேட்காத பெண்டாட்டிக்கு மொழி தெரியாத எழுநூறு சேனல் காட்டிய புருஷனை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒருமுறை அவள் அழகாகக் கொசுவம் வைத்து அந்தப் பெட்டிக்கு ஓர் உறை தைத்துப் போட்டாள். அத்தான் வந்து பார்த்துப் பதறிப்போய்ப் பிடுங்கிப் போட்டார். "மேல மூடினா சூடு எங்க போகும்? பெட்டிக்கு மூச்சு முட்டும்" என்றார். காலையிலிருந்து இரவு வரை திரைச்சீலைத் தூசிக்கு நடுவில் இருமுகிறாளே, அவளுக்கு மூச்சு முட்டுமா என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாரா? கேட்டதில்லை. நான் கேட்டேன், அவரிடமே. "அவளுக்கு ஜன்னல் இருக்கே" என்றார்.

ஆனால் டிஷ் திருப்பும் வேலையில் மட்டும் அவர்களைப்போல் ஒரு ஜோடியைப் பார்க்க முடியாது. அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே ஸ்பேனரோடு, ஒருவர் கீழே அந்தக் கட்டத்தைப் பார்த்து எண் சொல்ல. மற்ற வீடுகளில் இங்கேதான் சண்டை மூளும். மேலே இருப்பவர் "இப்போ?" என்பார். கீழே இருப்பவர் "என்ன?" என்பார். அதற்குள் டிஷ் தாண்டிப் போயிருக்கும். அத்தான் வீட்டில் அந்தத் தொல்லையே இல்லை. அவர் கேட்பது அக்காவுக்குக் கேட்காது. ஆகவே அவர் கேட்பதே இல்லை. அவள் பாட்டுக்கு டி.வி.யைப் பார்த்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்று எண்களைச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"முப்பத்தொண்ணு. முப்பத்திநாலு. முப்பத்திநாலு. இருபது. போச்சு."

தன் குரல் எவ்வளவு உயரம் என்று அவளுக்குத் தெரியாததால் கட்டடம் முழுக்கக் கேட்கும். சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இரண்டு முறை புகார் எழுதிக் கொடுத்தார். அத்தானோ அந்தக் குரலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். சிக்னல் பார்க்கிற கருவி ஒன்று கையடக்கமாகக் கடையில் கிடைக்கிறது; வாங்கவில்லை. "இவ இருக்கறப்ப அது எதுக்கு?" என்றார். அவர் என் அக்காவைப் பாராட்டி நான் கேட்ட ஒரே வாக்கியம் இது. அவளும் கல்யாணமானதிலிருந்து அவரிடம் உரக்கச் சொன்ன வார்த்தைகளை எண்ணிப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது எண்களாகத்தான் இருக்கும்.

இவர்களுக்கு ஒரே பெண். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். அம்மாவுக்கும் உலகத்துக்கும் நடுவில் நின்றே வளர்ந்தவள். மளிகைக் கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அம்மாவுக்குக் கையாலும் உதட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தவள், அதையே படிப்பாகவும் படித்துவிட்டாள். கடல் தாண்டிப் போய் அந்த நாட்டுச் சைகை மொழியையும் கற்றுத் தேர்ந்தாள். மூன்று வருடமாக ஊர்ப் பக்கம் வரவில்லை. வேலையில் நிலைக்கும் வரை விடுப்பு கிடையாதாம். கைப்பேசியில் குட்டியின் முகம் அணைந்த பிறகும் அக்கா கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருப்பாள்.

போன மாதம் குட்டி வீடியோவில் கூப்பிட்டாள். அந்த நாட்டு அரசுத் தொலைக்காட்சியில் வேலை கிடைத்துவிட்டதாம். செய்தியின்போது திரையின் மூலையில் ஒரு வட்டத்துக்குள் நின்று சைகையில் சொல்லும் வேலை. பத்து நாள் கழித்து வரும் திங்கட்கிழமை முதல் நாள். எங்கள் நேரத்துக்கு மாலை நாலு மணி, இருபது நிமிடச் செய்தி. அம்மாவுக்குக் கையாலேயே சொல்லி முடித்துவிட்டு எங்களிடம் வந்தாள்.

"ஆனா சித்தி, அதை நெட்ல பாக்க முடியாது. வெளிநாட்டுல இருந்து திறந்தா தடுத்துடறாங்க. ஒளிபரப்பைப் பிரதி எடுத்து வெளிய அனுப்பவும் விட மாட்டாங்க, வேலைக்கே வேட்டு."

"அப்ப அம்மா எப்படிப் பாப்பா?" என்றேன்.

பின்னாலிருந்து அத்தான் தொண்டையைக் கனைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். டிஷ் வைத்த இருபத்தாறு வருடத்தில் யாரும் கேட்காத கேள்விக்கு விடையோடு உட்கார்ந்திருந்த மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது.

"அந்த சேனல் சாட்டிலைட்ல ஃப்ரீயா வருது. மேற்கே, ரொம்பத் தாழ்வா. நமக்கு ஓரத்துலதான் விழும்," என்றார். "ஆனா விழும்."

அதற்குப் பிறகு ஒன்பது நாள் நடந்ததை நான் கேலி செய்யப்போவதில்லை. செய்தாலும் கொஞ்சமாகத்தான் செய்வேன். மேற்குப் பக்கம் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மறைத்தது. தொட்டிக்கும் எங்கள் லிஃப்ட் அறைக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவு வானம் தெரிந்தது. அந்த இடுக்கைப் பார்த்து இருப்பதிலேயே பெரிய ஆறடி டிஷ்ஷை நகர்த்த, மூன்று வீட்டுத் துணிக்கொடிகளை அவிழ்க்க வேண்டியிருந்தது. சங்கத் தலைவர் அனுமதி தரவில்லை. அத்தான் அவரைத் திங்கட்கிழமை முதல் ஒளிபரப்புக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்தார். அனுமதி கிடைத்தது.

முதல் மூன்று நாள் அக்காவின் குரலில் பூஜ்யம் மட்டும்தான் கேட்டது. நாலாம் நாள் பதினாலு. டிஷ்ஷுக்கு முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் டப்பாவைக் கழற்றி, உள்ளே கூடு கட்டியிருந்த குளவியை விரட்டி, டப்பாவைக் கொஞ்சம் திருகி மாட்டினார். முப்பத்தொன்று. படம் வருவதற்கு நாற்பது வேண்டும். வியாழக்கிழமை அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா "நாப்பத்தெட்டு" என்று கத்தினாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படியேறிக்கொண்டிருந்தேன். இரண்டிரண்டு படியாகத் தாவினேன்.

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. செய்தி வாசிக்கும் ஒரு பெண், கீழே வலது மூலையில் வட்டம், வட்டத்துக்குள் ஒரு வழுக்கைத்தலை மனிதர் கையை வீசிக்கொண்டிருந்தார். குட்டி வரும்வரை அவருடைய முறை. அந்த ஊர்ச் சைகையில் பாதிகூட அக்காவுக்குப் புரியாது. ஆனால் அவள் மிஷினை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் அந்த வழுக்கைத் தலையையே பார்த்தாள். அந்த இடத்தில் திங்கட்கிழமை யார் நிற்பார்கள் என்பதைத்தான் பார்த்திருப்பாள்.

நடுவில் அத்தான் சிவப்புப் பட்டனை அழுத்தினார். கட்டம் வந்து வலது மூலையில், வட்டத்தின் மேலேயே உட்கார்ந்தது. வழுக்கைத்தலையர் காணாமல் போனார்.

"மறைக்குது," என்றாள் அக்கா.

"அது அங்கதான் வரும். நகர்த்த முடியாது, பெட்டியிலேயே அப்படி வச்சிருக்கான்," என்றார் அத்தான், எண்ணைப் பார்த்தபடியே.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. படம் வந்துவிட்டது, டிஷ் நின்றுவிட்டது, வானிலை நன்றாக இருக்கிறது. அக்கா தன் மகளைப் பார்க்க இனி ஒரே ஒரு தடைதான் மிச்சம். அது கையில் ரிமோட்டோடு என் எதிரில் நின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமை அவரை வழிமறித்தேன்.

"அத்தான், திங்கக்கிழமை வரைக்கும் அதைத் தொடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"எனக்குத் தெரியாதா? நாப்பத்தெட்டு தாராளம். தாண்டினதுக்கு அப்புறம் எல்லாம் ஒண்ணுதான்னு உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது: "நாப்பத்தாறு. நாப்பத்திமூணு. போச்சு." நான் கையிலிருந்த கரண்டியோடு மேலே ஓடினேன். டிஷ்ஷைத் துடைக்கப் போனாராம். துடைத்தபோது ஒரு போல்ட் லேசாகத் தளர்ந்திருந்ததுபோல் தெரிந்ததாம். இறுக்கினாராம். ஐந்து மணி நேரம் கழித்து ஐம்பத்தொன்றில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மூன்று கூடின பெருமையில் இறங்கி வந்தார். அதற்குள் நான் இரண்டு தலைவலி மாத்திரை போட்டிருந்தேன். அக்கா ஓரம் அடித்த திரைச்சீலையில் தையல் கோணலாகப் போயிருந்தது, பிரித்துக்கொண்டிருந்தாள். இருபது வருடத்தில் அவள் கோணல் தையல் போட்டு நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் கூடம் நிறைந்துவிட்டது. சங்கத் தலைவர் சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு நடு நாற்காலியில். மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து சுவரோரம். நான் அக்காவை ஒட்டித் தரையில். அக்கா நல்ல புடவை கட்டியிருந்தாள். டி.வி.யில் இருப்பவர்களுக்கு நாம் தெரிய மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கட்டியிருந்தாள்.

வெளியே காற்று எழும்பத் தொடங்கியிருந்தது.

நாலு மணிக்கு இசை, தலைப்புச் செய்திகள். பிறகு வலது மூலையில் வட்டம் திறந்தது. குட்டி நின்றுகொண்டிருந்தாள்.

முடியைத் தோளுக்கு மேலே வெட்டியிருந்தாள். முகத்தில் பயம் தெரிந்தது, கையில் தெரியவில்லை. அக்காவின் விரல்கள் மடியில் தானாக அசைந்தன. சங்கத் தலைவர்கூட "நம்ம பொண்ணு" என்றார். துணிக்கொடிப் பஞ்சாயத்தில் அவள் அப்பாவை நாலு முறை திட்டியவர்.

அந்த நேரம் பார்த்து வட்டத்தின்மேல் கட்டம் வந்து உட்கார்ந்தது.

"அத்தான்!"

"ஒரு நிமிஷம்மா. காத்து அடிக்குது. நாப்பத்தொம்பது." அவர் கண் எண்ணைவிட்டு நகரவில்லை. "நாப்பத்தேழு."

"படம் நல்லாத்தானே சார் இருக்கு," என்றார் மருந்துக்கடைக்காரர். பக்தர் வாயிலிருந்து வந்த முதல் எதிர்ப்பு.

"நாப்பத்தஞ்சு ஆயிடுச்சு. நாப்பதுக்குக் கீழ போனா மொத்தமும் போயிடும். போல்ட்டு அசையுது. நான் மேல போறேன், இவ நம்பர் சொல்லட்டும்." ரிமோட்டை அக்கா கையில் திணித்தார். அவள் முகத்துக்கு நேரே வந்து, "நம்பர் சொல்லு" என்றார். ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு அறுபதைத் தொடப்போகிற வயதில் படிகளில் ஓடினார். தன் மகள் முதல் நாள் வேலை பார்ப்பதை அரை நிமிடம் பார்த்திருப்பார். அந்த அரை நிமிடத்திலும் எண்ணைத்தான் பார்த்தார். அவரைப் பிடித்து இரண்டு அறை விடலாமா என்று எனக்கு வந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன்.

கட்டம் திரையில் இருந்தது. நாற்பத்து நாலு. அதன் விளிம்பில் குட்டியின் ஒரு முழங்கை மட்டும் வந்து வந்து போனது. மேலே இரும்பில் ஸ்பேனர் படும் சத்தம் கேட்டது. அக்காவைத் தவிர எல்லோருக்கும் கேட்டது. எப்போதும்போல அவள் எழுந்து ஜன்னல் ஓரம் போய் நின்றாள்.

"நாப்பத்திநாலு," என்றாள் உரக்க. "நாப்பத்திநாலு. நாப்பத்திரண்டு."

பிறகு கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தாள். பட்டனை அழுத்தினாள். கட்டம் மறைந்தது. குட்டி முழுதாக நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் கொஞ்சமாகத் திருப்பினாள், கண் டி.வி.யிலேயே இருந்தது.

"நூறு," என்றாள்.

மேலே ஸ்பேனர் சத்தம் நின்றது.

"நூறு," என்றாள் மறுபடியும், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி. அப்புறம் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சங்கத் தலைவருக்கு நியாயம் தாங்கவில்லை. "நம்பரே திரையில இல்லையே. எதை வச்சு நூறுன்னு..." என்று ஆரம்பித்தார். நான் பிஸ்கட் தட்டை அவர் மடியில் வைத்தேன். கொஞ்சம் வேகமாகத்தான் வைத்தேன். அதற்குப் பிறகு பதினைந்து நிமிடம் எல்லோர் கண்ணும் அந்த வட்டத்திலேயே இருந்தது. வெளியே ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. திரையில் ஒரு சதுரம்கூட உடையவில்லை. குட்டி மழையைச் சொன்னாள், ஏதோ தேர்தலைச் சொன்னாள், ஆட்டு விலையைச் சொன்னாளோ என்னவோ. அக்கா கன்னத்தைத் துடைத்துக்கொள்ளவே இல்லை, துடைத்தால் ஒரு நொடி கண் மறையுமே.

செய்தி முடிந்து வட்டம் மூடியதும் நான் அவரைத் திட்டுவதற்காகவே மொட்டைமாடிக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. அத்தான் ஆறடி டிஷ்ஷின் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, கன்னத்தை இரும்பில் வைத்து, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தார். ஸ்பேனர் தரையில் கிடந்தது. சட்டை பாய்மரம்போல உப்பியிருந்தது.

"முடிஞ்சிருச்சு அத்தான். விடுங்க."

"தெரிஞ்சாளா?"

"நல்லாத் தெரிஞ்சா. ஒரு தடவைகூட நிக்கலை."

கையை எடுத்தார். எடுத்ததும் டிஷ் காற்றில் ஒரு சாண் ஆடித் திரும்பியது. போல்ட் உண்மையிலேயே தளர்ந்துதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இவர் நோண்டித்தான் அது தளர்ந்தது என்பதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் அந்தப் பதினைந்து நிமிடம் அதை நிறுத்தி வைத்திருந்தது இவருடைய கைதான் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கீழே வந்தபோது விருந்தினர்கள் கிளம்பிவிட்டார்கள். அக்கா மிஷினில் ஊசி கோத்துக்கொண்டிருந்தாள். அத்தான் அலமாரியிலிருந்து தன் நோட்டை எடுத்தார். தேதி, நேரம், குவாலிட்டி என்று கோடு போட்ட நோட்டு. தேதியை எழுதினார். நேரத்தை எழுதினார். பேனா நின்றது.

"இந்தப் பெட்டியில தொண்ணூத்தொம்பதுக்கு மேல நம்பரே வராது," என்றார் என்னிடம், மெதுவாக. "ரெண்டு இலக்கத்துக்குத்தான் இடம்."

"அப்ப மேல நிக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"நூறுன்னு காதுல விழுந்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கீழ வரலை? ஓடி வந்திருந்தா பாதியாவது பாத்திருக்கலாமே."

"போல்ட்டை விட்டா போயிடும்." பேனாவை மூடினார். "அதுவுமில்லாம, கீழ வந்தா மறுபடியும் அந்தப் பட்டனை அமுத்துவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அத்தான் எழுந்து போய்க் கூடத்து விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டார். அக்கா நிமிர்ந்தாள். அவர் அவளுக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன கலர் சட்டை போட்டிருந்தா?" என்றார்.

அக்கா அவர் உதட்டைச் சரியாகத்தான் படித்தோமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவர் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்ற கதையையும் அவள் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"கருநீலம்," என்றாள் அக்கா, தாழ்ந்த குரலில். "முடியை வெட்டிட்டா. இளைச்சுப் போயிட்டா. பயந்துகிட்டுதான் ஆரம்பிச்சா, அப்புறம் சரியாயிட்டா." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நாளைக்கு நீங்க கீழ உக்காந்து பாருங்க. நான் மேல போய்ப் பிடிச்சுக்கறேன். ரிமோட்டை எங்கிட்டக் குடுத்துடணும்."